தடுப்பூசியைக் கெடுப்பது வெயில் மட்டுமல்ல

கரண்டு போனால் தடுப்பூசி கெட்டுவிடும் என்ற பயம் எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் உண்டு. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்துக் குமரி மாவட்டமே பல நாள் இருட்டில் கிடந்ததைப் பார்த்தவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். என்ற குளிர்பெட்டி இதற்கென்றே செய்தது. உள்சுவரில் ஐஸ் இருப்பதால், ஒரு நாளில் எட்டு மணி நேரம் கரண்டு கிடைத்தாலே 2 முதல் 8 டிகிரிக்குள் நிற்கும். கரண்டு இல்லாத நேரத்தில் மூடியைத் திறக்காதிருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. 8-ஐ நெருங்கினால் ஐஸ் பேக் அடுக்கிய கோல்டு பாக்சுக்கு மாற்றிவிடலாம்.

உறைவதுதான் மோசம். வெப்பம் பட்டால், வயலில் (மருந்துக் குப்பியில்) இருக்கும் வி.வி.எம். என்ற நிறம் மாறும் குறி காட்டிக்கொடுக்கும், உள்சதுரம் வெளிவட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்த வயல் ஆகாது. உறைந்து இளகியதை அது காட்டாது. ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி, டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா) மருந்துகள் அலுமினிய உப்புத் துகள்களில் ஒட்டி நிற்பவை. ஒருமுறை உறைந்தால் துகள்கள் கட்டிப்போகும், இளகினாலும் பழையபடி ஆகாது. குழந்தைக்கு ஊசி போட்டாயிற்று என்று அட்டையில் இருக்கும், பாதுகாப்பு குறைந்திருக்கும்.

ஐ.எல்.ஆரில் அடிப்பக்கம்தான் குளிர் அதிகம். அதனால் இந்த மூன்றும் மேல் கூடையில் இருக்க வேண்டும். போலியோ சொட்டு, எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா), பி.சி.ஜி. (காசநோய்) கீழே போகலாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து, தடுப்பூசி நாளான புதன்கிழமை காலை அவசரம். டீப் ஃப்ரீசரில் ஐஸ் பேக் -15 டிகிரிக்கும் கீழே இருக்கும். பேச்சிப்பாறை மலைப்பக்கம் போகிற வண்டி கிளம்புகிறதென்று அதை அப்படியே தடுப்பூசி எடுத்துப்போகும் கேரியரில் அடுக்கினால், ஒட்டி இருக்கும் வயல் வழியிலேயே உறையும். பேக்குகளை முதலில் மேசையில் பரப்பி வைக்க வேண்டும். வெண்பனி போய் மேலே வியர்த்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்க வேண்டும். மழைக்குளிரில் இதற்கு நேரம் கூடும். கடிகாரத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். பிறகு நான்கு பேக்கையும் சுற்றி நிறுத்தி, வயல்களை ஜிப் கவரில் போட்டு நடுவில் வையுங்கள். கவர் எதற்கு என்று கேட்பார்கள். ஐஸ் உருகிய தண்ணீரில் ரப்பர் மூடி முங்கினால், திறந்த வயலை மறுபடி பயன்படுத்த முடியாது. முங்காமல், உறையாமல், வி.வி.எம். சரியாக இருந்தால் பென்டாவை 28 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். திறந்த தேதியும் நேரமும் லேபிளில் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். கலக்கிய எம்.ஆருக்கு இந்தச் சலுகை கிடையாது: நான்கு மணி நேரம், அதற்குமேல் கிருமி வளரும்.

உறைந்திருக்குமோ என்று சந்தேகமா? அதே கம்பெனி, அதே பேட்ச் வயல் ஒன்றை இரவு முழுக்க உறைய வைத்து இளக்குங்கள். அதையும் சந்தேக வயலையும் ஒன்றாகப் பிடித்துக் குலுக்கி மேசையில் வையுங்கள். உறைந்ததில் சீக்கிரமே அடியில் மண்டி படியும். சந்தேக வயலிலும் அதே வேகத்தில் படிந்தால் தள்ளிவிடுங்கள். கட்டியாக உறைந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டால் இந்தச் சோதனையே தேவையில்லை, நேரே தள்ளிவிடுங்கள்.

வெப்பநிலைப் பதிவேடு காலை, மாலை இரண்டு வேளையும், ஞாயிறும் தீபாவளியும் சேர்த்து. மாதம் முழுக்க 4, 4, 4 என்றே இருக்கும் பக்கத்தை நான் நம்பமாட்டேன். மேற்பார்வைக்கு வருகிறவர் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்ட வேண்டும்.