லிஃப்ட் என்றால் மேலேதானே போகணும்?

கப்பல் இத்தாலியின் ஜெனோவாவை விட்டுக் கிளம்பி, ராத்திரிச் சாப்பாடும் முடிந்துவிட்டது. மாமா இன்னும் அந்த லிஃப்டை விட்டபாடில்லை. பக்கத்து மேஜை ஜெர்மன்காரத் தம்பதியிடம் கையை முதலில் கிடையாக நீட்டி, அப்புறம் நெட்டுக்குத்தாகத் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறார். அவர்கள் ஏதோ யோகாசனம் என்று நினைத்து மரியாதையாகத் தலையாட்டுகிறார்கள்.

எல்லாம் என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, இவர் போட்ட திட்டம். கப்பலிலேயே பஸ் ஏற்பாடு செய்து ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்கள். "அதுக்கு எதுக்குக் காசு? எல்லாம் நடக்கிற தூரம்தான்" என்றார். இவருடைய 'நடக்கிற தூரம்' என்றால் நடந்து மாளாத தூரம் என்பது, முன்பு நான் எழுதிய கொடைக்கானல் கதையைப் படித்தவர்களுக்குத் தெரியும். போனில் பார்த்தால் ஜெனோவா பரம சாது. துறைமுகம் இங்கே, ரயில் நிலையம் இதோ, கோட்டை அதோ. மலை சரேலென்று கடலில் இறங்கும் இடத்தில், தட்டையாக நிலமே இல்லாமல், அடுக்கின் மேல் அடுக்காக ஏற்றிக் கட்டிய ஊர் என்பதை மேப் சொல்லவே சொல்லாது. மேப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தெருக்களில், ஒன்றின் மொட்டை மாடிக்கும் மேலே இன்னொன்று ஓடுகிறது. சில வீடுகளுக்குப் பின் தெருவிலிருந்து நுழைந்தால் நேராக மேல் மாடி.

அதனால்தான் ஊர் முழுக்கப் பொது லிஃப்டுகள். நம் ஊரில் டவுன் பஸ் ஏறுகிற மாதிரி ஜனங்கள் காய்கறிப் பையோடு லிஃப்ட் ஏறுகிறார்கள். இரண்டு இடத்தில் கம்பி இழுக்கும் ரயில், ஒரு இடத்தில் பல்சக்கர ரயில், அது தனி. மாமாவுக்கு இதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. முப்பது வருஷ பி.டபிள்யூ.டி. ரத்தம். "பாத்தியா, அரசாங்கம்னா இப்படி இருக்கணும்" என்று என்னிடம் சொன்னார், ஏதோ நான்தான் தமிழ்நாட்டில் தடுத்து வைத்திருப்பது போல.

ரயில் நிலையத்துக்கு வெளியே கொலம்பஸ் சிலை. இந்த ஊர்க்காரர். மாமா ஒரு சல்யூட் வைத்தார். பக்கத்திலேயே வியா பால்பி தெரு, அதிலே ஒரு வாசல், உள்ளே லிஃப்ட். ஏறினோம். கூட ஒரே ஒரு பள்ளிக்கூடப் பையன், காதில் இயர்போன். கதவு மூடியது. மாமா வழக்கம்போலக் கைப்பிடியைப் பிடித்து, லேசாக முட்டியை மடக்கி, மேலே பார்த்தபடி நின்றார்.

லிஃப்ட் முன்னால் போனது.

மேலே இல்லை, முன்னால். மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் தண்டவாளத்தில் ஜம்மென்று போகிறது. "ஏம்மா, இது சைடுல போவுது" என்றார் மாமா, புகார் கொடுக்கிற குரலில். "ரயிலா இருக்கும், பேசாம வாங்க" என்றார் அத்தை. "ரயில்னு எங்க போட்டிருக்கான்? லிஃப்ட்னுதானே போட்டிருக்கான்!" 200 மீட்டருக்கு மேல் இப்படிப் போய், டக்கென்று நின்றது. சத்தமே இல்லை. அத்தை வாய்க்குள்ளேயே முருகனைக் கூப்பிட ஆரம்பித்தார். இவர் மேப்பைப் பார்த்தார். மலைக்கு நடுவில் நின்றுகொண்டு மேப் பார்க்கிற மனுஷரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் கல்யாணமே செய்திருக்கிறேன். அப்புறம் என்ன நினைத்ததோ, ஒரு சின்னக் குலுக்கலோடு அதே பெட்டி நேர் மேலே கிளம்பியது, சுமார் 70 மீட்டர். அந்தப் பையன் இதற்குள் ஒரு தடவைகூடத் தலையைத் தூக்கவில்லை.

முந்தைய காலத்தில் அந்தச் சுரங்கத்தில் ஜனங்கள் நடந்து போய்த்தான் லிஃப்ட் ஏறினார்களாம். 2004-ல் பெட்டியையே நடக்க விட்டுவிட்டார்கள். இதைச் சொல்லி மாமாவைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். "எதிர் எடை எங்க? கயிறு எங்க? இந்த எஸ்டிமேட் என் மேஜைக்கு வந்திருந்தா கையெழுத்தே விழுந்திருக்காது" என்றார்.

மேலே ஒரு கோட்டை வீடு. தால்பெர்திஸ் என்ற கப்பல் கேப்டன் கட்டியது, இப்போது மியூசியம். உலகம் சுற்றிச் சேர்த்த சாமான்கள் எல்லாம் உள்ளே. சின்னப் பையனாகக் கொலம்பஸ் உட்கார்ந்து கடலைப் பார்க்கிற மாதிரி ஒரு பளிங்குச் சிலையும் உண்டு. மாமா அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். கலை ரசனை என்று நினைத்தேன். "லிஃப்டே பக்கவாட்டுல போற ஊருல வளர்ந்தவன். இந்தியாவுக்குன்னு கிளம்பி அமெரிக்கா போகாம என்ன செய்வான், பாவம்" என்றார்.

அங்கிருந்து பார்த்தால் துறைமுகம் மொத்தமும் தெரிகிறது. லாந்தர்னா கலங்கரை விளக்கம் ஓரமாக நிற்கிறது. 77 மீட்டர், 1543-ல் கட்டி இன்றும் எரிகிறது. "அது வேலை" என்று மாமா அதற்கு மட்டும் முழு மார்க் போட்டார். நேராக மேலே போகிறதல்லவா.

இறங்கும்போது லிஃப்ட் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். சரி, நடந்தோம். நடுவில் செங்கல், இரண்டு ஓரமும் கல் பதித்த செங்குத்துச் சந்து. ஏறும்போது மூச்சு போகும், இறங்கும்போது முட்டி போகும். எதிரே ஒரு பாட்டி, இரண்டு கையிலும் பை, உதட்டுச்சாயம் கலையாமல் ஏறி வந்தார். எங்கள் நால்வரையும் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

கீழே பழைய ஊர். கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தொடும் சந்துகள். இங்கே இன்னொரு வம்பு: ஒரே தெருவில் வீடுகளுக்குக் கறுப்பு எண், கடைகளுக்குச் சிவப்பு எண். இவர் கடை என்று நினைத்து யாரோ ஒருவர் வீட்டு மணியை அடிக்க, நாலாவது மாடி ஜன்னலிலிருந்து பனியனோடு ஒரு தாத்தா எட்டிப் பார்த்து, கோபமே படாமல், கையாலேயே சிவப்பு எண்ணுக்கு வழி காட்டினார். பழகிப் போயிருக்கும்.

அந்தக் கடையில் ஃபாரினாட்டா. கடலை மாவு, தண்ணீர், உப்பு, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். பெரிய செப்புத் தாம்பாளத்தில் ஊற்றி விறகு அடுப்புக்குள் தள்ளுகிறார்கள். "பஜ்ஜி மாவைக் கரைச்சுட்டு வாழைக்காய் போட மறந்துட்டாங்க" என்று தீர்ப்புச் சொன்ன அத்தைதான் இவருடைய பங்கையும் சாப்பிட்டார். மாமா பேசவே இல்லை. வாய் முழுக்க மாவு.

கப்பலுக்கு ஓடியது, வாசலில் வரிசை, அதெல்லாம் எப்போதும் உள்ளதுதான்.

நாளைக்கு பிரான்ஸின் மார்செய். இவர் இப்போதே மேப்பைத் திறந்து வைத்திருக்கிறார். குன்றின் மேல் மாதா கோயில், சுமார் 150 மீட்டர் உயரம். "பழைய துறைமுகத்துலேர்ந்து நடக்கிற தூரம்தான்." மாமா என் பக்கம் திரும்பி, "லிஃப்ட் இருக்கா, பாரும்மா" என்றார். பார்த்தேன். 1892-ல் ஒன்று போட்டார்களாம், 1967-ல் நிறுத்திவிட்டார்கள்.

"அது எப்படிப் போச்சு? நேராவா, சைடுலயா?"

"சாய்வா, மாமா."

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அத்தை மட்டும் எழுந்து எங்கோ போய்விட்டு வந்தார். நாளைய பஸ்ஸுக்கு டிக்கெட். மூன்று. இவர் நடக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.