குப்பைக் கட்டணம் என்ற பெயரில் வந்த வரி உயர்வை எதிர்த்து மனு கொடுத்த அனுபவம்

2022 ஏப்ரலில் தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் சொத்துவரி 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்ந்தபோது, அதை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் அது வரி உயர்வுதான் என்பதில் ஒத்துப்போனார்கள். அதற்குப் பின் எங்கள் ஊர் நகராட்சியில் வந்த உயர்வு அப்படி வெளிப்படையாக வரவில்லை. கேட்பு அறிவிப்பில் சொத்துவரி, கல்வி வரி, நூலக வரி ஆகியவற்றுக்குக் கீழே இருந்த திடக்கழிவு மேலாண்மைக் கட்டணம் மட்டும் இரு மடங்காகியிருந்தது. கேட்டதற்கு, "வரியை உயர்த்தவில்லை, சேவைக் கட்டணத்தைத்தான் திருத்தியிருக்கிறோம்" என்றார்கள்.

குப்பை அள்ளுவதற்குப் பணம் கொடுக்க எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் யாரும் மறுக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே உள்ளாட்சிகளுக்கு இந்தக் கட்டணத்தை வசூலிக்க அதிகாரம் அளித்திருந்தன. ஆனால் சேவைக்கென்று வாங்கும் பணம் அந்தச் சேவைக்குப் போகாமல் பொதுச் செலவில் கரையுமானால் அது வரி என்பதும், வரிக்கு உரிய சட்ட அதிகாரமும் விவாதமும் அதற்கு வேண்டும் என்பதுமே எங்கள் வாதம்.

இந்த வாதத்துக்கு அடிப்படை, அன்றைய சென்னை மாநிலத்திலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற ஒரு வழக்கு. 1951ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின்படி, சமய நிறுவனங்கள் தம் வருமானத்தில் 5 விழுக்காடு வரை அரசுக்குச் செலுத்த வேண்டியிருந்தது. உடுப்பியின் சிரூர் மடம் தொடர்பான வழக்கில் 1954இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்தத் தொகை அரசின் எல்லா வருவாயும் சேரும் தொகுப்பு நிதியில் சேர்வதையும், செய்த செலவுக்கும் வாங்கும் தொகைக்கும் தொடர்பில்லாததையும் சுட்டிக்காட்டி, அது கட்டணம் அல்ல, வரியே என்றது. பிற்காலத் தீர்ப்புகள் இந்த அளவுகோலைத் தளர்த்தின. ரூபாய்க்கு ரூபாய் கணக்குப் பொருந்த வேண்டியதில்லை, பொதுவான தொடர்பு இருந்தாலே போதும் என்பது 1980களுக்குப் பிறகு நிலைபெற்ற நிலைப்பாடு. ஆகவே "எங்கள் தெருவுக்கு நேற்று வண்டி வரவில்லை" என்று மட்டும் எழுதிக்கொடுத்தால் மனு நிற்காது. பணம் எந்தக் கணக்கில் சேர்கிறது என்று கேட்க வேண்டும்.

அதைத்தான் கேட்டோம். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிய தகவல் உரிமை மனுவில், கட்டண உயர்வுக்கான மன்றத் தீர்மானத்தின் நகல், துணை விதியின் நகல், தொகையைக் கணக்கிட்ட முறை, கடந்த ஆண்டுகளின் வசூலும் செலவும், வசூல் வரவு வைக்கப்படும் நிதி ஆகியவற்றைத் தனித்தனிக் கேள்விகளாக எழுதினோம். சட்டம் தரும் 30 நாள் கெடுவுக்குள் வந்த பதில், "விவரங்களை அலுவலகத்தில் நேரில் பார்வையிடலாம்" என்ற ஒற்றை வரி. உடனே மேல்முறையீட்டு அலுவலருக்கு மனு செய்த பிறகே நகல்கள் கைக்கு வந்தன.

அந்த நகல்களில் எங்களுக்குப் பெரிதும் உதவியது வரவுப் பக்கம்தான். நகராட்சியில் குடிநீர் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று தனி நிதிகள் உள்ளன. குப்பைக் கட்டணமோ வருவாய் நிதியில் மற்ற வரவுகளோடு சேர்ந்திருந்தது. அதிலிருந்து குப்பைக்கென எவ்வளவு போனது என்று பிரித்துக் காட்ட எந்தப் பதிவேடும் இல்லை. உயர்த்திய தொகைக்குக் கணக்கீட்டுத் தாளும் இல்லை. ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கும், ஷட்டர் இறக்கிய கடைகளுக்கும் முழுத் தொகை கேட்கப்பட்டிருந்தது. ஒரு கிலோ குப்பைகூட வெளிவராத கட்டடத்துக்கு எந்தச் சேவையின் பெயரால் கட்டணம் கேட்க முடியும்? கையுறைகூடச் சரியாகக் கிடைக்காமல் வேலை செய்யும் தூய்மைப் பணியாளர்களுக்கு இந்த உயர்விலிருந்து ஏதாவது போயிருந்தால் எங்கள் எதிர்ப்பு இவ்வளவு கடுமையாக இருந்திருக்காது.

ஆட்சேபணை மனுவில் இவற்றை நகல்களுடன் இணைத்து ஆணையருக்கும் நகர்மன்றத் தலைவருக்கும் தபால் பிரிவில் கொடுத்து, எங்கள் பிரதியில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொண்டோம். மன்றக் கூட்டத்துக்கு முன்பே எங்கள் வார்டு கவுன்சிலரிடம் வரவுப் பக்கத்தின் நகலைக் கொடுத்திருந்ததால், அவர் அதை வைத்தே கேள்வி எழுப்பினார். இதற்கிடையே வரி பாக்கி என்று பதிவாகிவிடாமல் இருக்க, முழுத் தொகையையும் செலுத்தி, கட்டணத்தை மட்டும் ஆட்சேபணையுடன் செலுத்துவதாகத் தனிக் கடிதம் கொடுத்தோம்.

மன்றம் வீடுகளுக்கான உயர்வை நிறுத்திவைத்தது. பூட்டிய கட்டடங்களுக்கு விண்ணப்பத்தின் பேரில் விலக்கு தரவும் தீர்மானித்தது. கடைகளுக்கான உயர்வு அப்படியே நீடிக்கிறது. கட்டணத்துக்குத் தனிக் கணக்கு தொடங்கும் தீர்மானமும் நிறைவேறியது. கணக்கு இன்னும் தொடங்கப்படவில்லை. அது தொடங்கப்பட்டதா, அதில் எவ்வளவு வரவானது என்று கேட்கும் அடுத்த தகவல் உரிமை மனுவைக் கொடுத்திருக்கிறோம். கடைக்காரர்கள் சங்கம் தன் பங்குக்குத் தனி ஆட்சேபணை மனுவைத் தயாரித்து வருகிறது.