சாரிசார்ட் இஎக்ஸை வீழ்த்துவது எப்படி

அல்சூரில் போகிமான் அட்டை ஆட வரும் தம்பிகள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: அண்ணா, இந்த சாரிசார்ட் இஎக்ஸை என்ன செய்வது? 2023-இல் வந்த அட்டை, 330 ஹெச்பி, அதாவது அவ்வளவு அடி வாங்கினால்தான் சாயும். அதன் அடி 180-இல் தொடங்கி, நாம் எடுத்த ஒவ்வொரு பரிசு அட்டைக்கும் (எதிராளியின் போகிமானை வீழ்த்தினால் எடுப்பது) 30 கூடும், நான்கு எடுத்துவிட்டோம் என்றால் 300! அதனால் கண்டதையும் அடித்துப் பரிசு பொறுக்காதீர்கள். ஆரம்பத்திலேயே பாஸஸ் ஆர்டர்ஸ் என்ற அட்டையைப் போட்டு, எதிராளியின் பெஞ்சில் (பின்வரிசையில்) இருக்கும் பிஜி என்ற சின்னப் போகிமானை முன்னால் இழுத்து வீழ்த்துங்கள், அது வளர்ந்து பிஜியாட் இஎக்ஸ் ஆகிவிட்டால் எதிராளி ஒவ்வொரு சுற்றும் தன் அட்டைக் கட்டிலிருந்து வேண்டிய அட்டையை எடுத்துக்கொள்வார், அப்புறம் அயோனோ என்ற அட்டையைப் போட்டு அவர் கையிலுள்ள அட்டைகளைக் குறைத்தாலும் பெரிய பயனில்லை. சரி, சாரிசார்ட் வந்தே விட்டதா? புல் வகைப் போகிமானிடம் அது பலவீனம், அடி இரட்டிப்பாகும். 165 போதும், சாய்ந்துவிடும்.