கால் மாறிய பிறகு வந்த காரணம்

ஜனவரி 6

காலையில் இருபது நிமிடம் கண்ணை மூடி உட்காரும் பழக்கம் மூன்று மாதமாக இருக்கிறது. இன்று இடது கால் மரத்துப்போனது. "அசைக்காதே, இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று உள்ளே பேச்சு ஓடியது. அப்புறம் அந்தப் பேச்சு ஏதோ பழைய கடிதத்தின் பக்கம் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் கால் மாறியிருக்கிறது. அதற்கும் பிறகுதான் வந்தது: "வலி அதிகமானதால் காலை மாற்றிக்கொண்டேன்."

மாற்றியது எனக்கே தெரியவில்லை. ஆனால் காரணம் மட்டும் தயாராக இருந்தது.

ஜனவரி 7

இன்றும் அப்படித்தான். இந்த முறை மூக்கைச் சொறிந்த கை.

ஜனவரி 11

மூளை ஆய்வாளர்கள் மைக்கேல் கசானிகாவும் ஜோசப் லெடூவும் 1970களில் செய்த ஒரு சோதனையைப் பற்றிப் படித்தேன். கடுமையான வலிப்பு நோய்க்காக மூளையின் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் இருக்கும் நரம்பு இணைப்பைத் துண்டித்த ஒரு நோயாளி. பேசத் தெரிந்த இடது பாதிக்குக் கோழிக்கால் படத்தைக் காட்டினார்கள். வலது பாதிக்குப் பனி மூடிய வீடு. பொருத்தமான படத்தை எடு என்றதும் வலது கை கோழியைக் காட்டியது, வலது பாதி இயக்கும் இடது கை மண்வாரியைக் காட்டியது. பனியை அள்ளத்தான். ஆனால் இடது பாதி பனியைப் பார்க்கவே இல்லையே. ஏன் மண்வாரி என்று கேட்டதும் அவர் தயங்கவில்லை: கோழிக்கூட்டைச் சுத்தம் செய்ய அது வேண்டும் என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். என் காலும் அவருடைய மண்வாரியும் ஒரே மாதிரி என்று தோன்ற, வெகுநேரம் வேறு எதுவும் படிக்க முடியவில்லை.

ஜனவரி 12

முடிவெடுப்பது நாம்தானா என்ற பேச்சு வந்தாலே மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட்டின் 1983 ஆய்வைச் சொல்வார்கள். மணிக்கட்டை மடக்க வேண்டும் என்ற எண்ணம் தெரிவதற்குச் சுமார் மூன்றில் ஒரு நொடி முன்பே மூளையில் மின்மாற்றம் தொடங்கிவிடுகிறது என்றது அது. ஆனால் அந்த மின்மாற்றம் முடிவு அல்ல, மூளையின் இயல்பான ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாம் என்று 2012இல் ஆரன் ஷர்கரும் கூட்டாளிகளும் காட்டினார்கள். அதனால் இதன் மேல் நான் அதிகம் சாயப்போவதில்லை. உட்கார்ந்து பார்த்தாலே தெரிகிற விஷயம் இது.

ஜனவரி 15

நம் மொழி இதைப் பாதி ஒப்புக்கொள்கிறது. எனக்குக் கோபம் வந்தது. எனக்குத் தோன்றியது. ஞாபகம் வந்தது, தூக்கம் வந்தது. வருவது அது, நான் வெறும் "எனக்கு". ஆனால் முடிவெடுத்தேன், யோசித்தேன், பேசினேன் என்று வந்துவிட்டால் வினையின் வாலில் "நான்" என்று காட்டும் "-ஏன்" விகுதி ஒட்டிக்கொள்கிறது, அதோடு ஒரு முதலாளியும். இன்று முழுக்க மனதுக்குள் மாற்றிச் சொல்லிப் பார்த்தேன்: யோசனை வந்தது, முடிவு வந்தது, பேச்சு வந்தது. ஒன்றும் குறையவில்லை.

இரவில் மட்டும் பயமாக இருந்தது. யாரும் ஓட்டாமலேயே இத்தனை வருடம் இந்த வண்டி ஓடியிருக்கிறதா? "இதை நான் கவனிக்கிறேன்" என்று ஒரு எண்ணம் ஆறுதலாக வந்தது. அதுவும் தாமதமாகத்தான் வந்தது.

ஜனவரி 19

அக்காவிடம் போனில் கடுமையாகப் பேசிவிட்டேன். அப்பாவின் மருத்துவச் செலவு பற்றிய பேச்சு. வைத்த மறு நிமிடமே உள்ளே வழக்கு தொடங்கியது: அவள் முதலில் குத்தலாகச் சொன்னாள், நான் களைத்திருந்தேன், எப்போதும் நான்தான் பொறுத்துப்போகிறேன். ஒவ்வொன்றும் நியாயமாகவே கேட்டது.

ஓட்டுபவர் இல்லையென்றால் மன்னிப்பு கேட்க வேண்டியது யார்? இந்தக் கேள்வியை என்னால் தள்ளிவைக்க முடியவில்லை. அவளுக்கு வலித்தது நிஜம். அந்த வார்த்தைகள் இந்த வாயிலிருந்துதான் போயின.

ஜனவரி 20

நானே கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. அப்புறம், "ஏன்டா அப்படிப் பேசினே?" என்றாள்.

நேற்று சேர்த்த காரணங்கள் எல்லாம் வரிசையாக நின்றன. களைப்பு என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள், நானும் நம்பியிருப்பேன்.

"தெரியலக்கா. உனக்கு ரொம்ப வலிச்சிருக்கும். மன்னிச்சிடு."

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.