பித்தளைத் தகட்டுக்கு அடியில் இருந்த நீலம்

பிலடெல்பியாவிலிருந்து லங்காஸ்டர் வரை ரயில், அப்புறம் டாக்சி. ஸ்ட்ராஸ்பர்க் போகும் வழியெல்லாம் மக்காச்சோளக் காடு, நடுநடுவே, கார் வைத்துக்கொள்ளாமல் பழைய முறையில் வாழும் ஆமிஷ் கிறிஸ்தவ மக்களின் குதிரை வண்டிகள். என் மடியில் துணி சுற்றிய தகரப் பெட்டி ஒன்று. லயனல் கம்பெனி 1930-இல் கொண்டுவந்த 'ப்ளூ காமெட்' பொம்மை ரயிலின் பயணிகள் பெட்டி அது.

அதே பெயரில் நிஜ ரயிலும் இருந்தது. 1929 முதல் 1941 வரை ஜெர்சி சிட்டிக்கும் அட்லாண்டிக் சிட்டிக்கும் இடையே ஓடியது. கடலை நினைத்து நீலமும், கடற்கரை மணலை நினைத்து கிரீமும் பூசினார்களாம். பொம்மைப் பெட்டிகளுக்கு வால்நட்சத்திரங்களின் பெயர் வைத்தார்கள். என்னிடம் இருப்பது வெஸ்ட்ஃபால்.

அதன் ஒரு பக்கம் துருப்பிடித்து பெயிண்ட் உதிர்ந்துவிட்டது. 'அசல் நீலம்' என்று லேபிள் ஒட்டிய டப்பா ஒன்றை வாங்கி தகரத் துண்டில் அடித்துப் பார்த்தேன். பச்சை கலந்த மாதிரி இருந்தது. அசலை நேரில் பார்த்தே தீர வேண்டும் என்றுதான் இந்தப் பயணம்.

ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் நேஷனல் டாய் ட்ரெய்ன் மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ப்ளூ காமெட் நின்றிருந்தது. அவ்வளவு அழகு! ஆனால் கையோடு கொண்டுபோன நிற அட்டைகளில் எது பொருந்துகிறது என்று சொல்லவே முடியவில்லை. உள்ளே விளக்கில் பொருந்தியதுபோல் தெரிந்த அட்டை, வாசலில் வெயிலில் வேறு நிறம் காட்டியது. இரண்டு பெயிண்டுகள் ஒரு விளக்கின் கீழ் ஒன்றுபோல் இருந்து, இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். போட்டோவை நம்பி நிறம் கலப்பவர்கள் ஏமாறுவதும் இதனால்தான்.

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் என் பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "பெயர்த் தகட்டைக் கழற்றினீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலை அறை ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பித்தளைத் தகட்டின் நாக்குகள் உட்பக்கம் மடிந்திருக்கும். அவசரப்பட்டால் ஒடிந்துவிடும். மெல்லிய குறடால் ஒவ்வொன்றாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். தகடு விடுபட்டது. அடியில் விரல் அகல நீலம், நேற்று அடித்த மாதிரி! சுற்றியிருந்த நிறம் அதன் பக்கத்தில் சாம்பல் பூத்துத் தெரிந்தது. இத்தனை வருடம் வெளிச்சமும் விரல் எண்ணெயும் படாத இடம்.

ஊர் திரும்பியதும் அந்தப் பட்டையை வைத்தே கலந்தேன். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யக்கூடாது. காய்ந்தால் நிறம் மாறும். அடியில் பூசும் பிரைமரும் நிறத்தை இழுக்கும். அதனால் ஒவ்வொரு கலவையையும் பிரைமர் பூசிய தகரத்தில் அடித்து, நன்றாகக் காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, விளக்கில் ஒருமுறை பார்த்தேன். ஏழாவது கலவை சரியாக வந்தது. ஒன்று சொல்லியாக வேண்டும்: பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், உலர்வாகத் தேய்க்கவே கூடாது. தண்ணீர் தொட்டு, முகக்கவசம் போட்டுத்தான் உப்புத்தாள் பிடிக்க வேண்டும்.

தகட்டுக்கு அடியில் இருந்த நீலத்தின் மேல் டேப் ஒட்டிவிட்டுத்தான் ஸ்ப்ரே அடித்தேன். அது இன்னும் அப்படியே இருக்கிறது. அடுத்து யாராவது அந்தத் தகட்டைக் கழற்றினால் அவர்களுக்கும் வேண்டுமே.