சீர்த்தட்டும் மொய் நோட்டும்

பங்குனியில் எங்கள் ஊரில் பள்ளி ஆண்டு விழாவுக்குத் தேதி குறிப்பது கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதைவிடச் சிரமம். மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை வேறு விசேஷம் கிடையாது. பக்கத்து ஊரில் மஞ்சுவிரட்டு என்றால் அன்றைக்கு ஆம்பளை ஒருத்தரும் ஊரில் இருக்கமாட்டார்கள். ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வு. இத்தனையும் கழித்தால் கையில் மிஞ்சியது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கும் ஒரு வீட்டில் காதுகுத்து. நல்லவேளை, அந்த வீட்டுக்காரர் எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறார். "காலையில அதை முடிச்சிட்டு சாயந்தரம் அப்படியே இங்க வந்துருவோம் டீச்சர். பந்தலு, மைக்செட்டு ரெண்டுக்கும் ஒண்ணாவே சொல்லிரலாம்" என்றார். செலவு பாதியாகிறதே என்று சந்தோஷம்தான். மைக்செட் என்றதும் மட்டும் உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. அதற்குக் காரணம் உண்டு, பிறகு வருகிறேன்.

எங்களுடையது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. ஐந்து வகுப்புகள், 41 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். கல்வி உரிமைச் சட்டக் கணக்கில் 60 பிள்ளைகள்வரை இரண்டு பேர்தான். நான் தலைமை ஆசிரியை. பெயர்தான் பெரிது. மணி அடிப்பது, முட்டை எண்ணி வாங்குவது, சிக்னல் கிடைக்கும் மூலையாகப் பார்த்து நின்று செயலியில் வருகையைப் பதிவது எல்லாம் அதில் அடக்கம். முதல் மூன்று வகுப்பையும் சார் பார்த்துக்கொள்கிறார், நான்கும் ஐந்தும் எனக்கு. 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு சின்னப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறோம். வகுப்பு எதுவாக இருந்தாலும், படிக்கத் தெரிந்த அளவை வைத்துத்தான் இந்தப் பிரிவு. தங்கச்சி மலரிலும் அண்ணன் மொட்டிலும் உட்கார்ந்த நாளில் அந்த வீட்டில் பெரிய சண்டை.

இங்கே படிக்கிற எல்லோரும் ஏதோ ஒரு வழியில் ஒருவருக்கொருவர் சொந்தம். நான் மாற்றலாகி வந்த புதிதில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் அழுதுகொண்டே வந்து, "டீச்சர், சித்தப்பா என்னைக் கிள்ளிட்டாரு" என்றான். யாரோ பெரிய ஆள் பள்ளிக்குள் புகுந்து பிள்ளையைக் கிள்ளிவிட்டதாக நினைத்து வெளியே ஓடினேன். சித்தப்பா ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து பல்பம் தின்றுகொண்டிருந்தார்.

காலை எட்டு மணிக்கே பள்ளி விழித்துவிடும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 அன்று எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தபோது எங்களுக்கும் வந்தது. அதுவரை வெறும் வயிற்றோடு வந்து பதினொரு மணிக்கு மேசையில் தலை சாய்க்கும் பிள்ளைகளை நான் சோம்பேறிகள் என்று திட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சமைப்பது சுய உதவிக் குழுப் பெண்கள். சமைப்பவருடைய பிள்ளை இதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது விதி. பிள்ளை சாப்பிடும் சோற்றை அம்மா கவனமாக வடிப்பாள் என்று யோசித்தவர் யாரோ விவரமானவர்தான். ஆனால் அதிலேயே இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடித்துப் போனால் அம்மாவும் சமையலறையை விட்டுப் போக வேண்டும். இந்த வருஷம் எங்கள் கிச்சடிக்குக் கைப்பக்குவம் சேர்த்தவரின் மகள் ஐந்தாம் வகுப்பு. "இவளை ஒரு வருஷம் பெயிலாக்கிருங்க டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை மேலாண்மைக் குழுக் கூட்டம். நூறு நாள் வேலை முடித்துக் கையில் மண்வெட்டியோடு நேராக வந்தவர்கள் பாதிப் பேர். குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எங்கள் குழுவில் பெண்களே அதிகம், தலைவியும் ஒரு அம்மாதான். கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள், தண்ணீர்த் தொட்டிக்கு மூடி, விழா நிகழ்ச்சிகள் எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டன. கல்விச் சீரைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது.

தாய்மாமன் சீர் கொண்டுபோவதைப் போல ஊரே சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவருவதுதான் கல்விச் சீர். கோயில் வாசலில் கூடி, மேளதாளத்தோடு, தாம்பாளத்தில் பழம், வெற்றிலை பாக்கு, நோட்டு, பென்சில் வைத்துப் பெண்கள் முன்னால் வருவார்கள். பின்னால் ஒரு டிராக்டரில் பீரோ, பிளாஸ்டிக் நாற்காலி, மின்விசிறி, குடம் எல்லாம் வரும். பல ஊர்களில் நடக்கிறது. பெயர்தான் சமீபத்தியது, வழக்கம் பழசு. காமராசர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்தபோது 1958-இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. அரசாங்கத்திடம் பணம் இல்லை, ஊரே தன் பள்ளியைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கேட்டபோது ஜனங்கள் பெஞ்சும் மணியும் கடிகாரமும் கொடுத்தார்கள், சிலர் நிலமே எழுதி வைத்தார்கள். எங்கள் பழைய தளவாடப் பதிவேட்டிலும் அந்தக் காலத்து மையில் "வெண்கல மணி 1, உபயம்" என்று ஒரு வரி இருக்கிறது. யார் உபயம் என்ற இடத்தைச் செல் அரித்துவிட்டது. மணி இன்னும் அடிக்கிறது.

எங்கள் பக்கத்துக்கு என்றே இன்னொன்றும் உண்டு, மொய் விருந்து. ஆடி, ஆவணியில் பத்திரிகை அடித்து, கறிச்சோறு போட்டு, மொய் வாங்குவார்கள். கல்யாணம் காட்சி எதுவும் தேவையில்லை, விருந்தே விசேஷம். வாங்கியவர் பிறகு கொடுத்தவரின் விருந்துக்குப் போய், வாங்கியதோடு மேலே கொஞ்சம் போட்டுத் திருப்பி எழுத வேண்டும். கிணறு வெட்டியது, வீடு கட்டியது, மகளைக் கட்டிக்கொடுத்தது எல்லாம் மொய்ப் பணத்தில்தான். வட்டிக்கடையைவிட இது ஆயிரம் மடங்கு நல்லது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், இதனால் நொடித்துப் போனவர்களும் இருக்கிறார்கள். எப்படியோ, மொய் நோட்டை இங்கே பீரோவில் நகையோடு வைத்துப் பூட்டுவார்கள். யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது மைக்கிலும் வரும்.

2019-இல் முதன்முதலாகக் கல்விச் சீர் நடத்தினோம். அதற்கு முந்தைய நவம்பர் 16 அன்றுதான் கஜா புயல் அடித்திருந்தது. பள்ளியின் ஓடுகள் பறந்து, வாசலில் நின்ற வேப்பமரம் சமையலறைமேல் சாய்ந்து கிடந்தது. ஊரில் எத்தனையோ வீடுகளில் தென்னந்தோப்பே படுத்துவிட்டது. வருஷக்கணக்காகக் காய்க்கிற மரம் ஒரே ராத்திரியில் போனால் அந்த வீட்டுக்கு அடுத்த இருபது வருஷமும் போன மாதிரிதான். அந்த நிலைமையிலும் ஊர் பள்ளிக்குச் சீர் கொண்டுவந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மைக்கைக் கையில் வாங்கி, மொய் விருந்தில் வாசிப்பதைப் போல நானே வாசித்தேன். இன்னார், பீரோ ஒன்று, மதிப்பு இவ்வளவு. இன்னார், ரொக்கம் பத்தாயிரம். கைத்தட்டல். அடுத்த வரியும் அதே வேகத்தில் வந்துவிட்டது: இன்னார், டம்ளர் ஆறு. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சின்னச் சிரிப்புதான். நான் அடுத்த பெயருக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அந்த அம்மா பள்ளிப் பக்கமே வரவில்லை. பிள்ளையைக் கொண்டுவந்து விடுவது அப்பத்தா, பெற்றோர் கூட்டத்துக்கும் அப்பத்தா. நான்கு மாதம் கழித்து ஒருநாள், "மருமகளுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன். அப்பத்தா வெற்றிலையை மென்றுகொண்டே, "உடம்புக்கு என்ன, நல்லாத்தான் இருக்கா. நீங்க மைக்குல படிச்சீகளே, அதுதான் அவளுக்குச் சடவு. தோப்புல எழுபது மரம் போச்சு டீச்சரம்மா. இல்லாட்டி அவளும் பீரோதான் வாங்கியிருப்பா" என்றார். என்னிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. மறுநாள் சாயந்தரம் அந்த வீட்டுக்குப் போனேன். மன்னிப்பு என்ற வார்த்தையை எடுத்தால் அவருக்கு இன்னும் கஷ்டமாகும் என்று பட்டது, அதனால் எடுக்கவில்லை. காபி கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

இதை மனதில் வைத்துத்தான் கூட்டத்தில், "இந்தத் தடவை யார் என்ன கொடுத்தாங்கன்னு மைக்கில் வாசிக்க வேண்டாம்" என்றேன். எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள் என்று நினைத்தேன். முதல் எதிர்ப்பு ஊரில் மொய் எழுதும் பெரியவரிடமிருந்து வந்தது. "பேர் சொல்லாம வாங்குனா அது சீரு இல்ல டீச்சர், வசூலு. குடுக்குறவனைச் சபையில சொல்றது மரியாதை. கூலி வேலை பாத்துக் காசு சேத்து ஒருத்தன் ஃபேன் வாங்கித் தாரான். அவன் பேரை அவன் மகன் காதால கேக்க வேணாமா?" என்றார். இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. அந்தப் பையன்கள் யாரென்று எனக்குத் தெரியும். அப்பா பெயரை மைக்கில் கேட்பதற்காக முன்வரிசையில் வந்து உட்காரும் பிள்ளைகள்தான்.

வாசித்தால் அந்த அம்மாவுக்குக் கஷ்டம், வாசிக்காவிட்டால் இந்தப் பிள்ளைக்குக் கஷ்டம். ஆளாளுக்குப் பேசினார்கள். யாரோ ஒருவர் எல்லோரும் ஒரே தொகை போடலாம் என்றார். அது இன்னும் மோசம், இல்லாதவர் கடன் வாங்கிப் போடுவார். கடைசியில் தலைவிதான் ஒரு வழி சொன்னார். கோயில் வாசலிலிருந்து தட்டு வரும் வரிசைப்படி எல்லார் பெயரையும் பிள்ளைகள் வாசிக்கட்டும். வெறும் பெயர், கூடவே "வந்திருக்காங்க" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். பொருளும் தொகையும் நோட்டில் மட்டும். பெரியவருக்கு முழுத் திருப்தி இல்லை. "சரி, நோட்டை நான் எழுதுறேன். தணிக்கைக்கு வாரவன் பாத்தாலும் என் எழுத்துல ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியாது" என்று ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். அது உண்மைதான். என் பதிவேடுகளைவிட அவருடைய மொய் நோட்டுகள் சுத்தம்.

விழா முடிந்த கையோடு சேர்க்கை வேலை. பதாகை பிடித்துப் பிள்ளைகளோடு தெருத்தெருவாகப் போக வேண்டும். ஐந்தாம் வகுப்பிலிருந்து பதினொரு பேர் போகிறார்கள். அங்கன்வாடியில் ஐந்து வயது நிரம்பியவர்கள் ஏழு பேர். அதில் மூன்று வீட்டு வாசலில் மெட்ரிக் பள்ளி வேன் ஏற்கெனவே வந்து நின்று பேசிவிட்டுப் போயிருக்கிறது. ஏழும் வந்தாலே 37. வேனில் அனுப்புகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, என் மகனையே நான் வேனில் அனுப்பியவள்தான். இதை எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் யாராவது கேட்டுவிடுவார்கள். கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வேன். அதற்கு மேல் என்ன பேசினாலும் எடுபடாது என்பதும் தெரியும்.

இப்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒத்திகை. நாடகத்தில் ராஜா வேஷத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது, மரமாக நிற்கத்தான் யாரும் வரவில்லை. அசையாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கடைசியில் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தானே கையைத் தூக்கினாள், டம்ளர் அம்மாவின் சின்ன மகள். மரத்துக்குப் பச்சைச் சட்டை வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் அந்த அம்மாவே வந்துவிட்டார். "பாவாடையும் பச்சையா, இல்ல சட்டை மட்டும் போதுமா டீச்சர்?" என்று வாசலில் நின்றே கேட்டார். மரத்தின் அடிப்பகுதிக்குப் பழுப்புப் பாவாடை இருந்தால் நல்லது என்றேன். வெயிலில் நடந்து வந்திருந்தார், பானையைக் காட்டித் தண்ணீர் குடிக்கச் சொன்னேன்.

பானைக்குப் பக்கத்தில் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், பழைய சித்தப்பா மாதிரியே இன்னொரு சித்தப்பா, டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து விரலால் தடவிக்கொண்டிருந்தான். ஆறில் இப்போது நான்குதான் இருக்கின்றன, இரண்டு எங்கே போயின என்று தெரியவில்லை. அந்த வருஷம் வந்த குடத்திலும் தட்டிலும் கொடுத்தவர் பெயரைக் கடையில் வெட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். இந்த டம்ளர்களில் மட்டும் பள்ளியின் பெயரைச் சுருக்கி வெட்டியிருந்தது. பையன் இப்போதுதான் அரும்பைத் தாண்டி மொட்டுக்கு வந்திருக்கிறான், கண்ணில் படும் எழுத்தையெல்லாம் கூட்டிப் படிக்கிற பருவம்.

"ஊ... ஒ... தொ... ப... ள்... ளி" என்று படித்து முடித்துவிட்டு, டம்ளரை நிமிர்த்தித் தண்ணீர் மொண்டு அந்த அம்மாவிடம் நீட்டினான்.