510510

ஆரியங்காவில் டீக்கடையை ஒட்டிய லாட்டரித் தட்டில் 510510 தொங்கிக்கொண்டிருந்தது. "ஒரே நம்பரு ரெண்டு தடவை வருதுன்னு யாரும் எடுக்க மாட்டேங்காவ அண்ணாச்சி" என்றார் விற்பவர். உடனே எடுத்துவிட்டேன். பரிசு விழுவதற்கு மற்ற சீட்டுக்குள்ள வாய்ப்புதான் இதற்கும், அது வேறு விஷயம்.

2, 3, 5, 7, 11, 13, 17. இந்த முதல் ஏழு பகா எண்களைப் பெருக்கினால் வருவது இதுதான். ஏழு வெவ்வேறு பகாக் காரணிகள் உள்ள எண்களில் இதுவே ஆகச் சிறியது. மனக்கணக்காகவே பார்க்கலாம். 510 இரண்டு முறை வருவதால் 510 × 1001. 1001-க்குள் 7, 11, 13 இருக்கின்றன, மிச்ச நாலும் 510-க்குள். வகுத்திகள் மொத்தம் 128!

அப்புறம், 714 × 715-உம் இதேதான். 1974-இல் அமெரிக்க பேஸ்பாலில் பேப் ரூத்தின் 714 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) சாதனையை ஹாங்க் ஆரோன் 715-ஆவதை அடித்துத் தாண்டியபோது கார்ல் பொமரன்ஸ் என்ற கணிதப் பேராசிரியரும் கூட்டாளிகளும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 714-இன் பகாக் காரணிகளைக் கூட்டினால் 29. 715-க்கும் 29. நம் கிரிக்கெட் ஸ்கோரில் இப்படி ஏதாவது சிக்கினால் சொல்லுங்கள்.

அடுத்த பகா எண் 19-ஆல் பெருக்கினால் 96,99,690. ஏழு இலக்கம், சீட்டில் அடங்காது.